விட்டேனா, விட்டுப் போச்சா?

திண்டுக்கல் பக்கம் பதினோரு வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். பக்கவாதம் வந்தவர்கள்தான் அதிகம். மனம் தளர்ந்தவர்களின் பேச்சைக் காலையிலிருந்து இரவு வரை கேட்கிற வேலை. அதில் ஒருவரை மட்டும் சொல்கிறேன்.

அறுபதைத் தாண்டிய லாரி டிரைவர். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. தட்டில் நிலக்கடலையைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்வேன். முதல் மாதம் முழுக்க, "வெறுத்துப் போச்சு தம்பி" என்று தட்டைத் தள்ளுவார். மறுநாள் அவரே தட்டைக் கேட்பார். வெறுத்துப் பேசுகிறவருக்கு இன்னும் ஏதோ வேண்டியிருக்கிறது, அதனால் நான் கவலைப்படவில்லை. மூன்றாம் மாதம் ஒருநாள் தட்டைத் தள்ளவில்லை. விரல்கள் கடலைமேல் அப்படியே கிடந்தன. "விடு தம்பி" என்றார். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

வாசலில் அவர் மனைவி, "அவரு மனச விட்டுட்டாரு தம்பி" என்று கண்ணைத் துடைத்தார். நானும் அவசரமாக உள்ளே போய், "ஐயா, மனச விடாதீங்க" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எங்கப்பா விட்டேன்? அதுவா விட்டுப் போச்சு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. வெறுத்துப் போச்சு, அலுத்துப் போச்சு, சலிச்சுப் போச்சு, விட்டுப் போச்சு. எல்லாமே 'எனக்கு'ப் போச்சு. யாரும் செய்தது இல்லை, நேர்ந்தது. நொந்து போயிட்டேன், இடிஞ்சு போயிட்டேன் என்று 'நான்' வந்தாலும், மழையில் சுவர் இடிந்த மாதிரிதான். ஆறுதல் சொல்ல வருகிற நாம்தான் 'விடாதே' என்கிறோம், என்னவோ அவர் கையில் பிடித்திருந்ததை வேண்டுமென்றே கீழே போட்ட மாதிரி.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது சிகிச்சை தேவைப்படுகிற நோய். 'மனச்சோர்வு' என்ற சொல்லை எந்த நோயாளி வாயிலும் நான் கேட்டதில்லை. அவர்கள் 'விடு' என்றுதான் சொல்கிறார்கள். அவருடைய மருத்துவரிடம் சொன்னேன், மாத்திரை தொடங்கினார்கள். நான் தட்டை எடுத்து வைத்துவிட்டு, சில வாரம் கையை மட்டும் நீவிவிட்டேன். அவர் லோடு ஏற்றிப் போன ஊர்களைப் பற்றிப் பேசினோம். ஒருநாள், "கடலை எங்க தம்பி?" என்றார்.

*

மேலே அந்தப் பிசியோதெரபிஸ்ட் எழுதியதைப் படித்ததும் எனக்கு என் மாமியார் ஞாபகம். எண்பது வயது. ஒரு மாலை விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவர், "எனக்கு விரக்தி வந்துடுச்சும்மா" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. வேலை கிடைக்காத விரக்தி, விரக்தியில் எடுத்த முடிவு என்று பேப்பரில் படித்துப் பழகிய சொல் அல்லவா. கணவருக்குப் போன் போட்டு உடனே வரச் சொன்னேன்.

மாமியார் சொன்னது பழைய பொருளில். விரக்தி என்றால் பற்று நீங்குதல்; துறவிகளுக்குச் சொல்கிற சொல். அவர் முகத்தில் வாட்டமே இல்லை, அதை நான்தான் பார்க்கவில்லை. கையைச் சோப்பு நுரையில் முக்கி, இறுகிப்போன வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தார். "மூத்தவளுக்கு இது. சின்னவளுக்குத் தோடு. நீ எழுதி வச்சுக்கோ" என்றார்.