ஃப்ளோரைடு காவிக்கு டீத் ஒயிட்டனிங் போதுமா? தை மாசம் கல்யாணம்

பென்னாகரம் அண்ணன்:

வணக்கம். தங்கச்சிக்கு 23 வயசு. சின்ன வயசுல இருந்து போர் தண்ணி குடிச்சு வளர்ந்தவ. மேல் வரிசை முன்பல் நாலுலயும் காவித் திட்டு, மத்த பல்லுல சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைக் கோடு. குழி இல்ல, சொத்தை இல்ல. ஒரு கடைவாய்ப் பல்லுல மட்டும் ஃபில்லிங் இருக்கு. இப்ப ஐப்பசி, தை மாசம் கல்யாணம். ஒரு கிளினிக்ல "ஒரே சிட்டிங், ஒரு மணி நேரம், லேசர் லைட் வெச்சு முத்து மாதிரி ஆக்கிடலாம்"னு சொல்றாங்க. இன்னொரு இடத்துல நாலு பல்லையும் சீவி கேப் போடச் சொல்றாங்க. ஒயிட்டனிங்ல காவி போகுமா? எத்தனை நாள் நிக்கும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பல் மருத்துவர், தருமபுரி:

தம்பி, முதலில் கேப் பேச்சை ஒதுக்கி வையுங்கள். குழி விழாத, உடையாத முன்பல்லை 23 வயதில் சுற்றிலும் சீவுவது தேவையில்லாத வேலை. சீவிய எனாமல் (பல்லின் கடினமான மேலடுக்கு) திரும்ப வளராது. கேப்பும் ஆயுளுக்கும் வராது, இடையிடையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரே சிட்டிங்கில் முத்து என்பதும் நடக்காது. கறை இருக்கும் இடம் அப்படி. ஒன்று முதல் நான்கு வயதுக்குள் நிரந்தர முன்பல்லின் எனாமல் தாடைக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கும். அந்த வயதில் குடிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமானால், எனாமலின் மேற்பரப்புக்குக் கீழே நுண்துளைகள் நிறைந்த அடுக்கு அமைந்துவிடுகிறது. ஒளி அதில் சிதறுவதால்தான் சுண்ணாம்பு வெள்ளை தெரிகிறது. பல் முளைத்த பிறகு சாப்பாடு, டீ, தண்ணீர் வழியாக வரும் நிறம் அதே துளைகளில் ஊறிக் காவியாகிறது. ஒயிட்டனிங் ஜெல்லிலுள்ள பெராக்சைடு அந்த நிறத்தை வெளுக்கும், ஆனால் துளையை அடைக்காது. எனவே காவி மங்கும், வெள்ளைத் திட்டு அப்படியே இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் பல் உலர்ந்திருப்பதால் திட்டு முன்பைவிட எடுப்பாகவே தெரியும். சிகிச்சை கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் பாதியில் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். பல்லில் ஈரம் ஊறியதும் அந்த வேறுபாடு குறையும்.

உங்கள் தங்கைக்குப் பொருந்தும் வரிசை இது. முதல் வாரம் ஸ்கேலிங். அது பற்காரையையும் மேல்கறையையும் எடுக்குமே தவிர ஒயிட்டனிங் அல்ல. அன்றைக்கே பல் ஈரமாக இருக்கும்போது ஷேடு கைடை (பல் நிறத்தை ஒப்பிடும் மாதிரி வரிசை) பக்கத்தில் வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல்லின் பின்புறமிருந்து லைட் அடித்துப் பார்த்தால் ஆழம் ஓரளவு தெரியும். திட்டு கருநிழலாகத் தெரிந்தால் ஆழமானது, தேய்ப்பதால் பயன் குறைவு.

இரண்டாம் வாரம் மைக்ரோஅப்ரேஷன், அதாவது எனாமலின் மேற்பரப்பை அளவாகத் தேய்த்தெடுப்பது. ஈறில் அமிலம் படாமல் தடுக்கும் ரப்பர் டேம் என்ற விரிப்பை மாட்டி, 6.6% ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிலிகான் கார்பைடு துகளும் சேர்ந்த பேஸ்ட்டைக் காவியின் மேல் சுமார் 1 மி.மீ. கனத்துக்கு வைத்து, மெதுவாகச் சுழலும் ரப்பர் கப்பால் ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் பல்லை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த முறை. மொத்தத்தில் 0.2 மி.மீ.க்கு மேல் எனாமல் போகக் கூடாது. ஈறோரம் எனாமல் மெல்லியது, அங்கே இன்னும் கவனம் வேண்டும். முடிந்ததும் நியூட்ரல் ஃப்ளோரைடு ஜெல் நான்கு நிமிடம்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒயிட்டனிங். ஃப்ளோரைடு காவிக்குக் கிளினிக் சிட்டிங்கை மட்டும் நம்புவதைவிட வீட்டு டிரேதான் என் பரிந்துரை. பல் வரிசைக்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய டிரேயில் (பல் மேல் மாட்டும் உறை) 10% கார்பமைடு பெராக்சைடு ஜெல், பல்லுக்கு ஓர் அரிசி அளவு, இரவு முழுக்க, மூன்று நான்கு வாரம். இந்த 10% என்பது சுமார் 3.5% ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். நிதானமாக வேலை செய்யும், கூச்சமும் குறைவு.

இதற்குப் பிறகும் வெள்ளைத் திட்டு உறுத்தினால் கடைசியாக ரெசின் இன்ஃபில்ட்ரேஷன், அதாவது அந்த நுண்துளைகளில் திரவ ரெசினை ஊறவைத்து இறுக்குவது. 15% அமில ஜெல் இரண்டு நிமிடம், கழுவி உலர்த்தி ஆல்கஹால் 30 விநாடி. ஆல்கஹால் பட்டதும் திட்டு மறைந்தால் ரெசினுக்கும் மறையும் என்று எடுத்துக்கொள்ளலாம். மறையாவிட்டால் அமில ஜெல்லை இன்னொரு முறை வைக்க வேண்டும். பிறகு ரெசினை மூன்று நிமிடம் ஊறவிட்டு லைட் அடித்து, மறுபடி ஒரு நிமிடம் ஊறவிட்டு லைட். துளை அடைபடுவதால் காவி திரும்ப ஊறுவதும் குறையும். ஆனால் ஒயிட்டனிங் முடிந்து இரண்டு வாரம் இடைவெளி கட்டாயம். பல்லுக்குள் தங்கிய ஆக்சிஜன் ரெசினைச் சரியாக இறுக விடாது. இடைவெளி விடாமல் ஒட்டிய ஃபில்லிங்கும் வெனீரும் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய பூச்சு) கழன்று விழுவது இதனால்தான். எல்லாம் சேர்த்து ஒன்பது பத்து வாரம். இன்றே தொடங்கினால் தைக்குள் முடியும்.

வெளுத்த நிறம் பொதுவாக ஒன்று முதல் மூன்று ஆண்டு நிற்கும். டிரேயைப் பத்திரமாக வைத்திருந்தால் மங்கும்போது சில இரவுகள் ஜெல் வைத்தாலே போதும்.

கிளினிக் உதவியாளர், கிருஷ்ணகிரி:

டாக்டர் சொன்னதோட, கிளினிக் சிட்டிங்கும் எடுக்கிறதா இருந்தா நாற்காலியில உக்காந்ததும் என்னென்ன நடக்கணும்னு சொல்றேங்க. 35 முதல் 40% ஹைட்ரஜன் பெராக்சைடுதான் வைப்பாங்க. ஈறுல பட்டா புண்ணாக்கும். அதனால உதட்டை விலக்கி, ஈறைக் காத்தடிச்சு உலர்த்தி, திரவ ரெசின் தடுப்பு போட்டு லைட்ல இறுக வைக்கணும். தடுப்பு பல்லு மேல அரை மி.மீ. ஏறி இருக்கணும். ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கிற முக்கோண ஈறுதான் அடிக்கடி விட்டுப்போற இடம், கண்ணாடி வெச்சுப் பாத்தாதான் தெரியும். ஜெல் வெச்ச பிறகு "சுருக்"குன்னு ஈறு எரிஞ்சா உடனே கையைத் தூக்கிச் சொல்லணும், பொறுத்துக்கவே கூடாது. ஈறு வெளுத்துப் போனாலும் சீக்கிரம் கழுவிட்டா பெரும்பாலும் ரெண்டு நாள்ல சரியாயிடும்.

ஜெல் ஒரு தடவைக்கு 8 முதல் 15 நிமிஷம், ரெண்டு மூணு தடவை. எடுக்கும்போது முதல்ல சக்‌ஷன்ல உறிஞ்சிட்டு அப்புறம்தான் தண்ணி. நேரா தண்ணி அடிச்சா கண்ணு, உதடு எல்லாம் தெறிக்கும். டாக்டருக்கும் தங்கச்சிக்கும் கண்ணைக் காக்கிற கண்ணாடி இருக்கணும். லேசர்னு சொல்றது பெரும்பாலும் நீல எல்இடி லைட்டுதான். அதனால நிறம் கூடுதலா நிக்கிறதில்ல, பல்லு உலர்றதும் கூச்சமும்தான் அதிகம். ஜெல் சிரிஞ்சுல காலாவதி தேதி பாருங்க. பல கம்பெனி ஜெல்லை ஃபிரிட்ஜ்ல வெச்சிருக்கணும். நம்ம ஊரு வெயில்ல வெளிய கிடந்தா வீரியம் போயிடும்.

கூச்சம் முதல் ரெண்டு நாள் இருக்கும். ரெண்டு வாரம் முன்னாடியே 5% பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிற பேஸ்ட்ல காலை ராத்திரி ரெண்டு வேளையும் விளக்கச் சொல்லுங்க. சிட்டிங் முடிஞ்சு 48 மணி நேரத்துக்கு மஞ்சள் போட்ட குழம்பு, டீ, பீட்ரூட், மாதுளை, வெத்தலை பாக்கு வேண்டாம். புளியும் உப்பு மிளகாய் போட்ட மாங்காயும் அமிலம், கூச்சத்தைக் கூட்டும். தயிர்சாதம், தேங்காச் சட்னியோட இட்லி, பால், வாழைப்பழம் தாராளமா சாப்பிடலாம். பார்லர்ல "ஒயிட்டனிங்"னு செய்றாங்களே, அங்க போகாதீங்க. சொத்தையோ விரிசலோ இருக்கான்னு பாக்காம பெராக்சைடு வைக்கவே கூடாது. கர்ப்பமா இருந்தாலும் பாலூட்டினாலும் தள்ளிப் போடணும்.

பென்னாகரம் அண்ணன்:

ரொம்ப நன்றிங்க. இன்னும் ரெண்டு. கடைவாய் ஃபில்லிங் நிறம் மாறுமா? பாட்டி செங்கல் பொடியும் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொல்றாங்க, அடுப்புக்கரி பேஸ்ட் கூட வாங்கி வெச்சிருக்கோம். அக்கா பையனுக்கு 2 வயசு, அவனுக்கும் இப்படி வராம இருக்க என்ன செய்யணும்?

பல் மருத்துவர், தருமபுரி:

ஃபில்லிங், கேப், வெனீர் எதுவும் ஜெல்லில் வெளுக்காது. கடைவாயில் இருப்பதால் வெளியே தெரியாது, விட்டுவிடலாம். செங்கல் பொடி, கரி இரண்டும் வேண்டாம். காவி இருப்பது எனாமலுக்குள்ளே. பொடி மேலே தேய்த்து எனாமலை மெலிதாக்கும், அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின் இன்னும் தெரியும். மைக்ரோஅப்ரேஷனும் தேய்ப்பதுதானே என்று தோன்றலாம். அதில் இவ்வளவுக்கு மேல் தேய்ப்பதில்லை என்ற அளவு உண்டு, முடிவில் ஃப்ளோரைடும் வைக்கிறோம்.

ஒரு வேளை பல்லில் குழி விழுந்திருந்தால் மேலே சொன்ன வரிசை பொருந்தாது. அப்போது காம்போசிட் வெனீர் பூச வேண்டியிருக்கும். அதையும் நேரில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

குடிநீர் ஆய்வகப் பணியாளர்:

பையன் விஷயம்தான் அவசரம், அவன் நிரந்தர முன்பல் இப்போதுதான் உருவாகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்த பிறகு உங்கள் ஊருக்குக் காவிரித் தண்ணீர் வரலாம். ஆனாலும் சமையலுக்குப் போர் தண்ணீர் எடுத்தால் ஃப்ளோரைடு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அடர்த்தி கூடும். துணி வடிகட்டி, கேண்டில் ஃபில்டர், யூவி எதற்கும் அது அடங்காது. ஆர்.ஓ. குறைக்கும், மெம்பிரேன் பழசானால் அதுவும் தளரும். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நிரப்பி மூடிக் கொண்டுபோங்கள். சமையலுக்கு எடுக்கும் தண்ணீரையும் ஆர்.ஓ. குழாய்த் தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் எடுத்து, எது எதுவென்று எழுதி ஒட்டுங்கள். பையனுக்குப் பேஸ்ட் அரிசி அளவுதான், விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.