மறுமொழி: மருந்தாய்வுக்கு ‘ஆட்சேர்ப்பு’ என்று எழுதலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மருந்தாய்வுத் தகவல் தாளுக்காக (புது மருந்தை ஆராயும்போது அதில் கலந்துகொள்ள அழைக்கப்படுகிறவர் கையில் கொடுக்கும் தாள்) நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் ஏழாவது சொல் இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது. நோயாளிகளைத் தேடிப் போய்ப் பேசி, ஆய்வுக்கு வரச் சொல்லும் வேலையை ஆங்கிலத்தில் ரெக்ரூட்மென்ட் என்கிறார்களே, அதற்கு என்ன போடுவது? ‘ஆட்சேர்ப்பு’ போதும், பேப்பரில் தினமும் வரும் சொல், எல்லோருக்கும் தெரியும் என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் எனக்குச் சிக்கலாக இருக்கிறது.

சென்னையில் அந்தச் சொல்லைக் கேட்டால் பட்டாளமும் போலீஸ் வேலையும் நினைவுக்கு வரும். நான் இருக்கும் தென்னாப்பிரிக்க டர்பனில் கரும்புத் தோட்டம் வரும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் இங்கே வந்து நின்றது. அதிலிருந்து 1911 வரை டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்த தரகர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். பெருவிரல் வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று வைத்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. அக்ரிமென்ட் என்ற சொல் வாயில் நுழையாமல் ‘கிரிமிட்’ ஆனது. அந்தச் சொல் இன்றும் எங்கள் வீடுகளில் இருக்கிறது. மருந்து ஆய்விலும் மருத்துவமனைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வருவது வழக்கம். கையில் ஒரு தாளை நீட்டி “உங்களை ஆட்சேர்ப்பு செய்கிறோம்” என்றால் எங்கள் பெரியவர்கள் பேனாவைத் தொட மாட்டார்கள். நானாக இருந்தாலும் தொட மாட்டேன்.

சரி, ‘சேர்க்கை’ என்று வைத்துக்கொள்ளலாமே என்று இன்னொருவர் கேட்டார். அதை நானே சொல்லிப் பார்த்து மாட்டிக்கொண்டேன். இங்கே ஒரு மருத்துவமனையில் சர்க்கரை நோய் ஆய்வு ஒன்றுக்கு மொழிபெயர்க்க வாரம் ஒருநாள் போவேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. ஆங்கிலம் நன்றாகவே பேசுவார், பயம் வந்தால் மட்டும் தமிழுக்குத் தாவிவிடுவார். எல்லாத் தாளிலும் கையெழுத்து முடிந்ததும், “அம்மா, உங்களைச் சேர்த்தாச்சு” என்றேன். அவர் முகம் சுண்டிப் போனது. “எத்தன நாள் படுக்கணும்? மாத்துத் துணி கூட எடுத்துட்டு வரலியே. பூனைக்கு யாரு பால் ஊத்துவா?” என்று மகனுக்கு போன் போடப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குள் நின்றுகொண்டு ‘சேர்த்தாச்சு’ என்றால் கட்டிலில் படுக்க வைப்பது என்றுதானே பொருள்! அவரை உட்கார வைத்து விளக்க அரை மணி நேரம் ஆனது. தப்பு முழுக்க என்னுடையது.

‘சோதனை’ என்பதையும் இதே காரணத்துக்காகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறேன். “சோதனைக்கு வாங்க” என்றால் ரத்தம் எடுக்க என்று நினைத்துச் சாப்பிடாமல் வருகிறார்கள். இன்னும் சிலர் “ஆண்டவன் சோதனை போதாதா” என்று சிரிக்கிறார்கள். ‘மருந்தாய்வு’ இருக்கட்டும்.

இலக்கணமும் ‘சேர்ப்பு’க்கு எதிராகத்தான் நிற்கிறது. சேர்ந்தேன் தன்வினை, சேர்த்தேன் பிறவினை. ‘சேர்ப்பு’ இந்த இரண்டாவதிலிருந்து வருகிறது. செய்பவர் வேறொருவர், நோயாளி வெறும் செயப்படுபொருள். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு, அறிந்து தந்த சம்மதம் இல்லாமல் யாரையும் மருத்துவ, அறிவியல் பரிசோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. அப்படியானால் வினை நோயாளியுடையது. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு நெறிகளைச் சொல்லும் ஹெல்சின்கி அறிக்கை 1964இல் வந்தது. அதில் நெடுங்காலம் ‘சப்ஜெக்ட்’ என்றே இருந்ததை 2024 திருத்தத்தில்தான் ‘பங்கேற்பவர்’ என்று மாற்றினார்கள். அந்தப் பழைய சொல்லை நம் ஆட்கள் சிலர் ‘ஆய்வுப்பொருள்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறவர் பொருளாகிவிட்டார்! (‘பங்காளி’ வேண்டாம். சொத்து வழக்கு ஞாபகம் வரும்.)

என் யோசனை இதுதான். ஆங்கிலத்தில் பல நேரம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும் இரண்டு வேலைகளைப் பிரித்துவிடலாம். தேடிப் போய்க் கேட்பது ‘ஆய்வழைப்பு’. கேட்டு, யோசித்து, சம்மதித்து வருவது ‘ஆய்விணைவு’. இணைப்பு பிறவினை, இணைவு தன்வினை. அவரே வந்து இணைகிறார். எதிர்ச்சொல்லும் தயாராக இருக்கிறது: விலகல். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான வைத்தியம் நிற்காது என்று தாளில் எழுதியாக வேண்டும். ‘சேர்க்கை’க்கு எதிர்ச்சொல் கேட்டால் ‘டிஸ்சார்ஜ்’ என்பார்கள்.

இப்படித் தாமாக வந்து இணைந்தவர்களுக்கு இந்த ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஹெச்ஐவி தடுப்புக்கான டெனோஃபோவிர் களிம்பை ஆராய்ந்த காப்ரிசா 004 ஆய்வு டர்பனிலும் வுலிண்ட்லேலா என்ற கிராமப்புறத்திலும் நடந்தது. 889 பெண்கள். களிம்பு கிடைத்தவர்களிடம் தொற்று 39 விழுக்காடு குறைவு என்று 2010இல் முடிவு வந்தது. தனக்குக் கிடைப்பது மருந்தா, மருந்து போலவே இருக்கும் மருந்தில்லாத மருந்துப்போலியா என்று தெரியாமலே மாதா மாதம் கிளினிக்குக்கு வந்து போனவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது ‘சேர்க்கப்பட்டனர்’ என்று முடிக்க எனக்குக் கை வரவில்லை.

எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.

---

தம்பிக்கு,

நாற்பது வருஷம் கோயில் பள்ளிக்கூடத்தில் சாயங்காலத் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில் வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பேரும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நான் பார்த்த தாளெல்லாம் ஆங்கிலம், இல்லாவிட்டால் ஜூலு. ஒரு தாளாவது தமிழில் வரட்டும், சந்தோஷம்.

ஆனால் ‘ஆய்வழைப்பு’, ‘ஆய்விணைவு’ இரண்டையும் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து உட்கார்ந்திருந்த பெண்களிடம் படித்துக் காட்டினேன். முதலாவதில் ‘ழ’ வருகிறது. நம் பிள்ளைகளுக்கு அது வராது, ‘ஆய்வலைப்பு’ என்று படித்து அலைச்சலாக்கிவிடுவார்கள். இரண்டாவதை யாருக்கும் பிரித்துப் படிக்கத் தெரியவில்லை. ஏன் ஒட்ட வேண்டும்? ‘ஆய்வுக்கு அழைப்பு’ என்று விட்டு எழுதினால் குடி முழுகிவிடுமா? ஒருத்தி, “அழைப்புன்னா பத்திரிகை வெச்சு, வெத்தலபாக்கோட கூப்பிடுவாங்களா?” என்றாள். எல்லோரும் சிரித்தோம். இன்னொருத்தி சொன்னாள், “பத்திரிகை வந்த எல்லாக் கல்யாணத்துக்குமா போறோம்?” உன் பக்கம் பேச அவளே போதும்.

பன்னிரண்டாவது சொல்லுக்கும் ஒன்று சொல்கிறேன். வயது, ரத்தத்தில் சர்க்கரை அளவு, வேறு வியாதி எல்லாம் பார்த்து ஆளை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு ‘தகுதித் தேர்வு’ என்று போட்டிருக்கிறாய். எடுபடாதவரை ‘தேர்வில் தவறியவர்’ என்றும் எழுதியிருக்கிறாய். இந்த வயதில் ஃபெயிலா? ‘பொருத்தம் பார்த்தல்’ என்று எழுது. ஜாதகம் பொருந்தவில்லை என்றால் பெண் மேல் குற்றமா, பிள்ளை மேல் குற்றமா? பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

---

டீச்சருக்கு வணக்கம்.

‘பொருத்தம் பார்த்தல்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ‘தகுதி’ என்று எழுதும்போதே ஏதோ உறுத்தியது, உங்களைப் போல யோசிக்கத் தெரியவில்லை. ஒரே ஒரு வித்தியாசத்தைத் தாளில் தெளிவாக்க வேண்டும். கல்யாணத்தில் பொருத்தம் முதலில், சம்மதம் அப்புறம் (சில வீடுகளில் சம்மதம் கேட்பதே இல்லை). ஆய்வில் அது தலைகீழ். ஆய்வுக்கென்று ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதற்கு முன்பே சம்மதம் வாங்கியாக வேண்டும். ஆகவே வரிசை: அழைப்பு, சம்மதம், பொருத்தம், இணைவு. ‘தகவலறிந்த ஒப்புதல்’ என்று நாம் போட்டிருந்ததையும் இதே சூட்டில் ‘அறிந்து தரும் சம்மதம்’ ஆக்கிவிடலாம் என்று தோன்றுகிறது.

விட்டு எழுதுவதற்கும் ஒப்புக்கொள்கிறேன். ‘ஆய்வுக்கு அழைப்பு’, ‘ஆய்வில் இணைதல்’. கட்டுரை எழுதுகிறவர்களுக்கு வேண்டுமானால் ஒட்டிய வடிவம் பட்டியலில் இரண்டாவதாக இருக்கட்டும். ‘ழ’வைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நான் மொழிபெயர்க்கப் போகும் சர்க்கரை நோய் ஆய்வின் நர்ஸ் ஜூலுக்காரர். ஜூலுவில் ஆய்வு என்பதற்கான சொல்லின் நடுவே, பல்லி சொல்வது போல ஒரு சொடுக்கொலி வரும். ஆறு மாதமாக அவர் எனக்குக் கற்றுத் தருகிறார், வரவில்லை. அவருக்கு ‘அழைப்பு’ வரவில்லை. கணக்கு சரியாகிவிட்டது.

பாக்கி இருப்பது பதினான்காவது சொல். யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறதே, அது. ‘சமவாய்ப்பு முறை’ என்று சென்னை நண்பரும், ‘எழுமாற்று’ என்று யாழ்ப்பாண நண்பரும் எழுதியிருக்கிறார்கள். உத்திரமேரூர்க் குடவோலையை யாராவது கொண்டுவருவார்கள் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் தாளைப் படிக்கிறவர் ஓட்டுப் போடச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். ‘சீட்டுக் குலுக்கிப் போடுவது’ என்று பச்சையாக எழுதினால் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளுமா என்று யோசிக்கிறேன். டீச்சர், அடுத்த வெள்ளிக்கிழமை பூஜைக்கு இதையும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள்.