புதுப்பிப்பு: மூன்றே நாளில் புளித்துப்போன பூந்திக்கொட்டைக் கரைசல்

பாத்திரம் கழுவக் காய்ச்சிய பூந்திக்கொட்டைக் கரைசல் மூன்றாம் நாளே புளித்து நாறுகிறது என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எலுமிச்சைச் சாறு சேர்த்ததில் கூடுதலாக இரண்டு நாள் தாங்கியது, அவ்வளவுதான். பலித்தது, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைக்கச் சொன்னவரின் யோசனை. விதை நீக்கிய 15 கொட்டைகளை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கசக்கி வடிகட்டினேன். ஒரு வேளைப் பாத்திரத்துக்கு இரண்டு கட்டி போதும். மூன்று வாரமாகியும் வாடை இல்லை.

நுரை குறைவுதான், அதற்குக் கை பழக ஒரு வாரம் ஆனது. வடை சுட்ட சட்டியிடம் மட்டும் இது தோற்றுவிட்டது, அதற்குப் பழையபடி சீயக்காய்த்தூள்தான். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் எரிச்சல் தாங்க முடியாது, கவனம். வடிகட்டிய சக்கையை எறியப் போனேன். மாமியார் பிடுங்கி வெள்ளிக் கொலுசைத் தேய்த்தார். கறுப்பு பாதிக்குமேல் போய்விட்டது.

ஐஸ் தட்டின்மேல் மறக்காமல் எழுதி ஒட்டுங்கள். என் கணவர் ஒரு கட்டியை எடுத்து மோரில் போட்டுக் குடித்துவிட்டு, கசக்கிறதே என்றார்.