முதுகலையில் பன்னாட்டு உறவுகளா, ஒப்பீட்டு அரசியலா?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் தமிழ்வழியில் இளங்கலை வரலாறு முடித்திருக்கிறேன். அடுத்து அரசியல் அறிவியல் சார்ந்த முதுகலையில் சேர விரும்புகிறேன். சில பல்கலைக்கழகங்களில் பன்னாட்டு உறவுகள் தனிப் பட்டமாகவே இருக்கிறது. வேறு சிலவற்றில் அரசியல் அறிவியலின் கீழ் ஒப்பீட்டு அரசியலைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்ள முடிகிறது. பாடத்திட்டங்களைப் பார்த்தால், முன்னது நாடுகளுக்கு இடையே நடப்பதையும் பின்னது நாடுகளுக்கு உள்ளே நடப்பதையும் ஆராய்வதாகத் தெரிகிறது. ஆனால் என்னை இந்தத் துறைக்கு இழுத்தது இலங்கைத் தமிழர் பிரச்சினையில் இந்தியா எடுத்த நிலைப்பாடுகள்தாம். அது இரண்டில் எதற்குள் அடங்கும் என்றே எனக்குத் தெளிவாகவில்லை. படித்தவர்களும் பாடம் நடத்துபவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன். தமிழ்வழியில் படித்தது தடையாகுமா என்பதையும் சொல்லுங்கள்.

அரசியல் ஆசிரியர்:
நண்பரே, நீங்கள் சொன்ன பிரச்சினையை வைத்தே விளக்குகிறேன். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை குறித்து அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானங்களை இந்தியா 2012இலும் 2013இலும் ஆதரித்தது. 2014இல் வாக்களிக்காமல் விலகிக்கொண்டது. மூன்று முறையும் டெல்லியில் ஆட்சியில் இருந்தது மன்மோகன் சிங் அரசுதான். அப்படியானால் மாறியது எது?

பன்னாட்டு உறவுகளில் பயிற்சி பெற்றவர் முதலில் தீர்மானத்தின் வாசகத்தை எடுத்துப் பார்ப்பார். 2014ஆம் ஆண்டுத் தீர்மானம், ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமே விசாரணை நடத்த வழிவகுத்தது. ஒரு நாட்டின் இறையாண்மைக்குள் வெளி அமைப்புகள் நுழைவதை இந்தியா நெடுங்காலமாகவே விரும்புவதில்லை. கொழும்பில் சீனாவின் செல்வாக்கு வளர்ந்துவந்ததையும் அவர் சேர்த்துக் கணக்கிடுவார். ஒப்பீட்டு அரசியல் படித்தவரோ கூட்டணியைப் பார்ப்பார். 2012இல் தி.மு.க. மத்திய அரசில் இருந்தது. 2013 மார்ச்சில், வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு, தீர்மானம் போதிய வலுவுடன் இல்லை என்று சொல்லி வெளியேறியது. 2014இல் அரசுக்குள்ளிருந்து நெருக்கும் கட்சி இல்லை. ஆக, வாசகமும் மாறிவிட்டது, கூட்டணியும் மாறிவிட்டது. இரண்டும் சேர்ந்தே மாறியதால், இந்த ஒரு நிகழ்வை மட்டும் எவ்வளவு ஆழமாகப் படித்தாலும் எது காரணம் என்று அறுதியிட முடியாது.

அதனால்தான் ஒப்பீடு தேவைப்படுகிறது. 1996இல் வங்கதேசத்துடன் கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு துணை நின்றார். 2011 செப்டம்பரில் அதே நாட்டுடன் தீஸ்தா ஆற்று நீரைப் பகிரும் ஒப்பந்தம் கையெழுத்தாகவிருந்த வேளையில், அப்போதைய மேற்கு வங்க முதல்வரும் மத்திய அரசின் கூட்டணிக் கட்சித் தலைவருமான மம்தா பானர்ஜி எதிர்த்ததால் அது நின்றுபோனது. இதையும் கூட்டணி நெருக்கடி என்று சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் 2014இல் மக்களவையில் தனிப் பெரும்பான்மையுடன் பா.ஜ.க. ஆட்சிக்கு வந்து, மம்தாவின் தயவு தேவைப்படாத நிலையிலும் தீஸ்தா ஒப்பந்தம் நிறைவேறவில்லை. அதே ஆட்சியில், மம்தாவும் இசைந்த, வங்கதேசத்துடனான நில எல்லை ஒப்பந்தத்துக்கான 100ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2015இல் நிறைவேறியது. கூட்டணிக் கணக்கால் மட்டும் இதை விளக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. பன்னாட்டு ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்துவதற்காக, மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் குறித்தும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது நம் அரசியலமைப்பின் 253ஆவது பிரிவு. அதாவது, சட்டப்படி மாநிலத்துக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லை. பெல்ஜியத்தைப் பாருங்கள்: 2016 அக்டோபரில் வலோனியா என்ற ஒரு பிராந்தியத்தின் நாடாளுமன்றம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் கனடாவுக்கும் இடையிலான வணிக ஒப்பந்தம் கையெழுத்தாவதையே தாமதப்படுத்தியது; அங்கே அந்த அதிகாரம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. எழுத்தில் அதிகாரமே இல்லாத மேற்கு வங்கம் எப்படி அதற்கு நிகரான தடையைப் போட முடிகிறது என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. வெளியுறவைப் பற்றிய கேள்விதான், ஆனால் அதற்கான கருவிகள் ஒப்பீட்டு அரசியலில் இருக்கின்றன. ஆகவே எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும் மற்றதிலிருந்து இரண்டு தாள்களையாவது எடுத்துக்கொள்ள இடமிருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

வடக்கு வாசல்:
நான் டெல்லியில் பன்னாட்டு உறவுகளில் முதுகலை முடித்தவள். ஆசிரியர் சொன்னதை ஏற்கிறேன். எனினும் இரண்டு படிப்புகளும் தரும் பயிற்சி வேறு வேறு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பன்னாட்டுச் சட்டம், ஒப்பந்த வாசகங்களைப் படிக்கும் முறை, 1919இல் பிரிட்டனின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென முதல் பேராசிரியர் பதவி தோன்றிய காலம் முதலான கோட்பாட்டு விவாதங்கள் ஆகியவற்றை முறையாகக் கற்க வேண்டுமானால் தனிப் பட்டமே நல்லது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளியில் ஒப்பீட்டு அரசியலுக்கும் ஒரு மையம் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அரசியலும் பன்னாட்டு ஆய்வும் ஒரே துறையில் இருக்கின்றன. சேரும் முன் ஆய்வு முறையியல் தாள் கட்டாயமா என்று விசாரியுங்கள். அது இல்லாத படிப்பு செய்தித்தாள் வாசிப்பின் நீட்சியாகிவிடும்.

தமிழ்வழி தடையாகாது, முதல் பருவம் கடினமாக இருக்கும், அவ்வளவுதான். கட்டுரைகளை வரிவரியாகப் படிக்காமல், ஆசிரியர் எழுப்பும் கேள்வி, தரும் விடை, காட்டும் சான்று என்ற மூன்றையும் தமிழிலேயே குறித்துக்கொண்டு படித்தால் வேகம் தானாக வரும். வரலாறு படித்த உங்களுக்கு ஆவணங்களை எடைபோடும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். அது பலரிடம் இல்லாத வலிமை.

பனைநிலம்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மேலே இருவரும் உள்நாட்டு அரசியல் வெளியுறவை எப்படி வளைக்கிறது என்று மட்டுமே பேசியிருக்கிறீர்கள். எங்கள் அனுபவம் எதிர்த் திசையிலானது. 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் விளைவாகவே, அதே ஆண்டு நவம்பரில் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்து மாகாண சபைகள் உருவாயின. ஒரு நாட்டின் ஆட்சியமைப்பே இரு நாட்டு ஒப்பந்தத்திலிருந்து பிறந்திருக்கிறது. ஆனால் காணி, காவல்துறை அதிகாரங்கள் இன்றுவரை முழுமையாகக் கைமாறவில்லை. இணைந்திருந்த வடக்கு கிழக்கு 2006ஆம் ஆண்டு இலங்கை உயர் நீதிமன்றத் (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பது போன்றது) தீர்ப்பின் பின் பிரிக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்த அமைப்பு உள்ளே ஏன் வேர்கொள்ளவில்லை என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும். டெல்லியின் நோக்கிலிருந்து மட்டும் படித்தால் இந்தக் கேள்வி கண்ணில் படாமலே போய்விடும்.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. பன்னாட்டு உறவுகளுக்கே விண்ணப்பிக்கிறேன். கூட்டாட்சி, கட்சி முறைமை குறித்த தாள்களை விருப்பப் பாடமாக எடுக்க முயல்கிறேன். வகுப்புகள் தொடங்கும்வரை எதைப் படிக்கலாம்?

அரசியல் ஆசிரியர்:
கோட்பாட்டு நூல்களை இப்போதே தொட வேண்டாம். 2012, 2013, 2014 ஆகிய மூன்று ஆண்டுத் தீர்மானங்களின் வாசகங்களையும் ஐ.நா. தளத்திலிருந்து எடுத்து அருகருகே வைத்து, எந்தச் சொல் சேர்ந்தது, எது நீங்கியது என்று குறியுங்கள். பிறகு 1987 ஒப்பந்தத்தையும் 13ஆவது திருத்தத்தையும் அதேபோல ஒப்பிடுங்கள். பனைநிலம் எழுப்பிய கேள்விக்கும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.