டைப்-சி கட்டாயமானால் குப்பை குறையுமா? அந்த நாக்குக்கு யார் பதில் சொல்வது?

பழுதுபார்ப்பவன்:
‘எல்பே கரை’ நேற்று இங்கே எழுதியது இது: "2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கைபேசிகளுக்கெல்லாம் டைப்-சி என்ற ஒரே வகைச் சார்ஜர் முனை கட்டாயம். சார்ஜர் குப்பைப் பிரச்சினை இத்தோடு முடிந்தது." படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. பதினேழு ஆண்டுகளாகக் கைபேசி பழுதுபார்த்துப் பிழைக்கிறேன். டைப்-சி ஜாக்கின், அதாவது போனில் வயரைச் செருகும் ஓட்டையின், நடுவே நகக்கனத்தில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஒடிவது அதுதான். ஆப்பிளின் பழைய முனையான லைட்னிங்கில் அந்த நாக்கு வயரின் முனையில் இருந்தது. ஒடிந்தால் வயரை மாற்றினால் போதும். இதில் ஒடிந்தால் போனே படுத்துவிடுகிறது. வயர் பெரிய குப்பையா, போன் பெரிய குப்பையா?

எல்பே கரை:
ஹாம்பர்க்கில் இருந்து எழுதுகிறேன். இந்தச் சட்டம் ஒரே இரவில் வந்ததன்று. முன்பு முப்பது வகைக்கு மேல் சார்ஜர்கள் இருந்தன. 2009இல் ஐரோப்பிய ஆணையம் நயமாகக் கேட்டது. ஆப்பிள் உட்பட நிறுவனங்கள் மைக்ரோ யுஎஸ்பி என்ற பொது முனைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டன. ஆனால் முனையை மாற்றித் தரும் தனி அடாப்டர் விற்றால் போதும் என்று அதில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே 2012இல் லைட்னிங் வந்தது. நயமாகச் சொல்லிக் கேட்காததால்தான் 2022 அக்டோபரில் 602 உறுப்பினர்கள் ஆதரித்து, 13 பேர் மட்டும் எதிர்த்து, ஐரோப்பிய நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. மறு ஆண்டே ஐபோன் 15 டைப்-சியோடு வந்தது. தூக்கி எறியப்படும், பயன்படாமல் கிடக்கும் சார்ஜர்களால் ஆண்டுக்கு 11,000 டன் குப்பை சேர்கிறது என்பது ஆணையத்தின் கணக்கு. அதைத் தொடாமல் நாக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

பழுதுபார்ப்பவன்:
சட்டத்தின் வரலாற்றை நான் கேட்கவில்லை. நாக்கு ஒடிகிறதா இல்லையா?

கயல்_கோவை:
இருவரும் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். சார்ஜர் என்று நீங்கள் சொல்வது சுவரில் செருகும் கட்டியையா, வயரையா, போனில் இருக்கும் ஓட்டையையா? என் அப்பாவின் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றிய பதினொரு சார்ஜர்கள் இருக்கின்றன. எல்லாம் வேலை செய்பவை. முனை ஒன்றாக இருந்தும் ஒரு நிறுவனத்தின் கட்டியில் இன்னொரு நிறுவனத்தின் போன் ஆமைபோல ஏறுகிறது. வேகமாக ஏற்றும் முறையை ஒவ்வொருவரும் தனித்தனியாக வைத்திருப்பதால் வரும் தொல்லை இது. மேலும், உலகத்தில் 2022இல் சேர்ந்த மின்குப்பை 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. அதில் 11,000 டன் எந்த மூலைக்கு?

எல்பே கரை:
ஐரோப்பாவின் எண்ணை உலகத்தின் எண்ணோடு ஒப்பிடுவது எந்தக் கணக்கு, கயல்? வேகமாக ஏறும் போன் பவர் டெலிவரி என்ற பொதுவான வேக ஏற்று முறையையும் ஏற்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. சார்ஜர் இல்லாமலேயே போன் வாங்கும் உரிமையும் இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

கயல்_கோவை:
படித்துவிட்டுத்தான் வந்தேன். அந்த உரிமையால் விலை எவ்வளவு குறைந்தது? 2020இல் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தபோது சுற்றுச்சூழலைக் காரணம் காட்டினார்கள். வீட்டில் பொருத்தமான கட்டி இல்லாதவர்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்கினார்கள். நான் முதலில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

பழுதுபார்ப்பவன்:
போன மாதம் ஒரு கல்லூரி மாணவி வந்தாள். மறுநாள் ஆன்லைன் தேர்வு. போனைச் சார்ஜில் போட்டபடியே படுத்துப் பார்த்து, ஜாக் ஒரு பக்கம் இளகிவிட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நாக்கு வெற்றிலைக் காம்பு மாதிரி ஒரு பக்கமாக மடிந்து கிடந்தது. யாரோ ஊசியை விட்டுக் குத்தியும் இருக்கிறார்கள். போர்டிலேயே பற்றவைத்த ஜாக் அது. இரவு பதினொன்று வரை உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். இவர் ஹாம்பர்க்கில் இருந்துகொண்டு 602 பேர், 13 பேர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

சொல்லாய்வன்:
நடுவில் வருவதற்குப் பொறுத்தருள்க. ‘மின்னேற்றி’ என்ற நல்ல சொல் இருக்க, இத்தனை பேரும் சார்ஜர் சார்ஜர் என்று எழுதுவது வருத்தமாக இருக்கிறது.

பழுதுபார்ப்பவன்:
என் கடைக்கு வந்து மின்னேற்றி கேட்டவர் இதுவரை ஒருவர்கூட இல்லை ஐயா.

சொல்லாய்வன்:
கணினி என்ற சொல்லையும் அப்படித்தான் ஒதுக்கினார்கள். இன்று பள்ளிப் பிள்ளைகள் சொல்கிறார்கள். நீங்கள் கடைப் பலகையில் எழுதுங்கள், கேட்பார்கள்.

எல்பே கரை:
நாக்கு, நாக்கு என்கிறீர்களே, ஸ்பிரிங்கைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? லைட்னிங்கில் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் போனுக்குள் இருக்கிறது. தேய்ந்தால் போன்தான் கெடும். டைப்-சியில் தேயும் ஸ்பிரிங்கை வயரின் முனையில் வைத்தார்கள். தேய்வது வயராக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே செய்த வடிவமைப்பு அது. 10,000 முறை செருகி எடுக்கலாம் என்பது தரக்கணக்கு. பதினேழு ஆண்டு அனுபவம் உள்ள தம்பிக்கு இது தெரியாதா?

பழுதுபார்ப்பவன்:
முதலில் தம்பி என்பதை நிறுத்துங்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. 10,000 முறை என்பது நேராகச் செருகி நேராக எடுக்கும் இயந்திரத்துக்கு. பஸ்ஸில் பவர் பேங்கோடு போனைப் பையில் திணித்துக்கொண்டு போகிறவனுக்கு அன்று. லைட்னிங் ஸ்பிரிங் தளர்ந்து என்னிடம் வந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. நாக்கு ஒடிந்து வருபவை வாரத்துக்கு நான்கு, ஐந்து.

எல்பே கரை:
ஊரில் லைட்னிங் போன் வைத்திருந்தவர்களே குறைவு. அதனால் குறைவாக வந்திருக்கும். சென்ற ஆண்டு இன்வெர்ட்டர் பேட்டரி விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள். உங்கள் கடைக்கு வருவதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதினீர்கள். தவறென்று தெரிந்தும் ஒப்புக்கொள்ளவில்லை.

பழுதுபார்ப்பவன்:
பேட்டரியில் நான் சொன்னதுதான் சரி. காய்ச்சி வடித்த நீர் ஊற்றும் இடத்தில் குழாய்த் தண்ணீர் ஊற்றலாம் என்றது உங்கள் நண்பர். அதைக் கண்டிக்க அன்று உங்களுக்கு மனம் வரவில்லை.

கயல்_கோவை:
பேட்டரியை விடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் டைப்-சிக்குத் தரம் வெளியிட்டுவிட்டது. ஐரோப்பாவில் 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிக்கும் இந்த விதி. அதன் கட்டி போனுடையதைவிட எத்தனை மடங்கு கனம்! உண்மையில் மிச்சமாகக் கூடியது அங்கேதான்.

எல்பே கரை:
மடிக்கணினியையும் நான்தான் நேற்று முதலில் குறிப்பிட்டேன்.

சொல்லாய்வன்:
மடிக்கணினி என்று எழுதியதற்குக் கயல் அவர்களுக்கு நன்றி.

பழுதுபார்ப்பவன்:
மடிக்கணினியிலும் அதே நாக்குதான். கழற்றி எறியாமல் வைத்திருக்கும் ஜாக்குகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. நாளைக் காலை கடை திறந்ததும் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எல்பே கரை:
ஸ்பிரிங் தேய்ந்ததையும் சேர்த்து எடுங்கள். இருந்தும் மறைத்தால் கேட்பேன்.