படைப்பெழுத்துத் துறைகள் வெளியிடும் நூற்பட்டியலை எப்படிப் படிப்பது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் மகள் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் இளங்கலையை முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். (ஆந்திரச் சித்தூர் அல்ல, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்.) மூன்று ஆண்டுகளாகக் கதை எழுதி வருகிறாள். அவளுடைய நோட்டுகளில் ஒரே கதை நான்கு முறை மாற்றி எழுதப்பட்டிருப்பதையும், ஒவ்வொரு முறையும் முதல் பத்தி குறைந்துகொண்டே வந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது வெளிநாட்டில் படைப்பெழுத்து, அதாவது கதை, கவிதை எழுதப் பயிற்றுவிக்கும் படிப்பு, படிக்க வேண்டும் என்கிறாள். ஒரு பல்கலைக்கழகத்தின் கையேட்டை அச்செடுத்துக் கொண்டு வந்து காட்டினாள். பாதிப் பக்கங்களில் முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் அண்மையில் வெளியிட்ட நூல்களின் அட்டைப்படங்கள்தாம்: இவருடைய முதல் நாவல் வெளிவந்துள்ளது, இவர் இன்ன பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றுள்ளார் என்ற குறிப்புகளோடு. திரூரில் பழைய மலையாளக் கவி எழுத்தச்சன் பெயரால் அமைந்த மலையாளப் பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியத்துக்கென்றே முதுகலை இருக்கிறது. ஆனால் அது மலையாளத்தில் எழுதுகிறவர்களுக்கானது. அந்த எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்த குருமடம் எங்கள் சித்தூரில் இருப்பதால், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஏக்கம் வரும்.

என் கேள்வி இதுதான். இத்தகைய பட்டியல் அந்தத் துறையின் கற்பித்தலுக்குச் சான்றாகுமா, அல்லது முன்பே நன்றாக எழுதுகிறவர்களைச் சேர்த்துக்கொண்டதற்குத்தான் சான்றாகுமா? தமிழில் எழுதும் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் நடக்கும் அந்தப் படிப்பு எந்த அளவுக்கு உதவும்?

பதில் 1: திருவனந்தபுரம், ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்

டீச்சருக்கு வணக்கம். அந்தப் பட்டியலை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் அதில் அச்சிடப்படாத ஒன்றை நீங்களே தேடிச் சேர்த்துப் படிக்க வேண்டும். படிப்பை முடித்ததற்கும் நூல் வெளிவந்ததற்கும் இடையே எத்தனை ஆண்டுகள் சென்றன என்பதே அது.

நமக்கு நெருக்கமான ஒருவரை எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தமிழ் மரபில் வந்த வி.வி. கணேசானந்தன் அமெரிக்காவின் அயோவா எழுத்துப் பட்டறையில் பயின்றவர்; இன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து கற்பிக்கிறார். ஆகவே ஓர் இடத்தின் முன்னாள் மாணவர் பட்டியலிலும் மற்றோர் இடத்தின் ஆசிரியர் பட்டியலிலும் அவர் பெயர் வரும். முதல் நாவல் 2008இல் வந்தது. போர்க்கால யாழ்ப்பாணத்தைச் சொல்லும் இரண்டாம் நாவலான ‘பிரதர்லெஸ் நைட்’ 2023இல்தான் வந்தது. 2024இல் பெண்களுக்கான புனைவுப் பரிசைப் பெற்றது. கையேட்டில் ஒரே வரியாகத் தெரியும் அந்த வெற்றிக்குப் பின்னால் பதினைந்து ஆண்டு இடைவெளி இருக்கிறது.

அயோவாவில் நெடுங்காலம் கற்பித்த மரிலின் ராபின்சனின் முதல் நாவல் 1980இலும், அடுத்த நாவலான ‘கிலியட்’ 2004இலும் வெளிவந்தன. ‘கிலியட்’ 2005இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு பெற்றது. அவரிடம் பயின்ற பால் ஹார்டிங் எழுதிய ‘டிங்கர்ஸ்’ பல பதிப்பகங்களால் திருப்பி அனுப்பப்பட்டு, சில ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, கடைசியில் நியூயார்க்கில் ஒரு மருத்துவக் கல்லூரியோடு இணைந்திருந்த சிறு பதிப்பகத்தின் வழியாக 2009இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே புலிட்சர் கிடைத்தது. ஆசிரியரும் மாணவருமாக இருவரும் பரிசு பெற்றார்கள் என்று துறை பெருமைப்படுவது நியாயமே. ஆயினும் அந்தக் கையெழுத்துப் படியைத் திருப்பி அனுப்பியவர்களுக்கும் அவர் எங்கே படித்தவர் என்பது தெரிந்திருக்கும் அல்லவா? பட்டம் பதிப்பகத்தின் கதவைத் திறந்துவிடவில்லை.

விரைவாக நடந்ததும் உண்டு. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் 1970இல் தொடங்கிய படிப்பில் அவ்வாண்டு இயன் மெக்யூவன் ஒருவர்தாம் மாணவர். அங்கே ஆஞ்சலா கார்ட்டரிடம் பயின்ற கசுவோ இஷிகுரோ 1980இல் முதுகலை பெற்றார். 1982இல் முதல் நாவல் வந்துவிட்டது, 2017இல் நோபல் பரிசு.

அப்படியானால் படிப்பு எதைத் தருகிறது? பட்டறை முறையில் ஒருவருடைய கதையை மற்றவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வந்து வகுப்பில் பேசுவார்கள். எழுதியவர் அந்த நேரம் முழுவதும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். ‘நான் சொல்ல வந்தது வேறு’ என்று விளக்கம் சொல்ல இடமில்லாததால், தாளில் இருப்பது மட்டுமே நிற்கும். உங்கள் மகள் முதல் பத்தியைத் தானாகவே குறைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்றால், அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி அவளுக்கு முன்பே கைவந்துவிட்டது.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பல துறைகள் கல்விக் கட்டணத்தை நீக்கி, இளங்கலை வகுப்பு எடுப்பதற்கு ஊதியமும் தருகின்றன. இங்கிலாந்தில் பெரும்பாலும் நாமே கட்ட வேண்டும். வீட்டை அடகு வைத்துப் போக வேண்டாம்.

பதில் 2: சாலைத் தெரு வாசகி

ஐயா சொன்னதோடு எனக்கு மாறுபாடில்லை. ஆனால் நம் பக்கத்து எழுத்தாளர்களையும் டீச்சர் மகளிடம் சொல்ல வேண்டும். ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவின் கதைகளை எழுதினார். 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். நீல பத்மநாபன் மின்வாரியத்தில் பொறியாளர். நகுலன் ஆங்கிலப் பேராசிரியர். மலையாளம் சூழ்ந்த ஊரிலிருந்து தமிழில் எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார்கள்.

பதில் 3: குப்பம், மொழிபெயர்ப்பு மாணவர்

டீச்சருக்கு வணக்கம். நான் ஆந்திரச் சித்தூர் மாவட்டத்துக்காரன் என்பதால் உங்கள் அடைப்புக்குறி கண்ணில் பட்டது. இங்கே குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகத்தில் தமிழோடு மொழிபெயர்ப்பியலும் கற்பிக்கப்படுகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் கருத்து இது. தமிழில் எழுதுகிறவர் உலக வாசகரிடம் போய்ச் சேர்வதில் எழுத்தாளருக்கு நிகரான பங்கு மொழிபெயர்ப்பாளருக்கும் உண்டு. பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’ ஜனனி கண்ணனின் மொழிபெயர்ப்பில் 2023இல் இந்திய இலக்கியத்துக்கான ஜேசிபி பரிசு பெற்றது. எங்களுக்கு எட்டும் தூரத்துக் கன்னடத்திலிருந்து பானு முஷ்டாக்கின் கதைகள் தீபா பாஸ்தியின் ஆங்கிலத்தில் 2025இல் சர்வதேச புக்கர் பரிசை வென்றன. அந்த 50,000 பவுண்டை இருவருக்கும் சரிபாதியாகத்தான் கொடுக்கிறார்கள். பானு முஷ்டாக் வழக்கறிஞர்.

அயோவாவிலேயே பட்டப்படிப்பைச் சாராத சர்வதேச எழுத்தாளர் திட்டம் ஒன்று 1967 முதல் நடக்கிறது. எழுபதுகளில் அசோகமித்திரன் அதற்குப் போய்வந்தார். அந்த அனுபவம் ‘ஒற்றன்’ என்ற நூல் ஆயிற்று. அவர் தமிழ் எழுத்தாளராகப் போனார், தமிழிலேயே எழுதினார். ஆகவே இருபத்தொன்று வயதில் போகாவிட்டால் வாய்ப்பு தவறிவிடும் என்று உங்கள் மகள் கவலைப்பட வேண்டாம்.

அவர் சம்மதித்தால் ஒரு கதையை அனுப்புங்கள். இங்கே நாங்கள் நான்கு பேர் வாரந்தோறும் கூடிப் படிக்கிறோம்; தமிழிலேயே பேசுவோம்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு கையேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வோர் அட்டைப்படத்தின் கீழும் அவர் படிப்பை முடித்த ஆண்டைத் தேடி அவளே பென்சிலால் எழுதினாள். ஏழு பெயர்களுக்குக் கிடைத்தது. விண்ணப்பத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம் என்று இருக்கிறாள். நான்காம் முறை எழுதிய கதையைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்கு அனுப்புகிறோம்.