காசிம் சுடப்பட்ட நாட்களில் பாக்தாத்தில் இருந்த ஒருவர்

ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது எங்கள் வரைபடப் பிரிவில் வயதான ஈராக்கியர் ஒருவர் இருந்தார், எல்லாரும் அம்மு (அரபியில் சித்தப்பா மாதிரி) என்றுதான் கூப்பிடுவோம். சதாமைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்க மாட்டார். 1958 முதல் 1963 வரை ஈராக்கின் பிரதமராக இருந்த அப்துல் கரீம் காசிம் என்று பேச்செடுத்தால் போதும், நிறுத்த மாட்டார்.

அவர் குடும்பம் தெற்கே அமாரா பக்கம். ஷேக்குகளின் நிலத்தில் உழைத்து மாளாமல் பாக்தாத்துக்கு ஓடிவந்து, நாணல் பாயும் மண்ணும் வைத்துக் கட்டிய சரீஃபா குடிசையில் இருந்தார்கள், மழை வந்தால் உள்ளே சேறுதான். 1958 ஜூலை 14இல் மன்னராட்சியைக் கவிழ்த்து வந்த காசிம் அந்தக் குடிசைக்காரர்களுக்காகவே கிழக்குப் பக்கம் தவ்ரா நகரை எழுப்பினார், இன்றைய சதர் சிட்டி அதுதான். இவர் அப்பாவுக்கும் அங்கே ஒரு மனை கிடைத்தது. நிலச் சீர்திருத்தம், வெளிநாட்டு எண்ணெய் கம்பெனியின் குத்தகைப் பரப்பில் 99.5 சதவீதத்தைத் திரும்ப எடுத்த 1961ஆம் வருடச் சட்டம், இதெல்லாம் நான் அப்புறம் படித்தது. அவருக்குக் காசிம் என்றால் அந்த மனைதான்.

1963 பிப்ரவரி 8, ரம்ஜான் மாத வெள்ளிக்கிழமை. பாத் கட்சியும் (பின்னாளில் சதாமின் கட்சி) அதோடு சேர்ந்த ராணுவ அதிகாரிகளும் காசிம் இருந்த பாதுகாப்பு அமைச்சகத்தைத் தாக்க, அம்முவின் அப்பா கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினாராம். வாசலில் திரண்ட கூட்டம் துப்பாக்கி கொடுங்கள் என்று கத்தியும் காசிம் கொடுக்கவில்லை. மறுநாள் வானொலி நிலையத்தில் அவரைச் சுட்டு உடலை டிவியில் காட்டினார்கள், ஒரு சிப்பாய் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிக் காட்டியதை டீக்கடையில் நின்று பார்த்ததாகச் சொன்னார். அப்படியும் ஜனங்கள் நம்பவில்லை, நிலாவில் காசிம் முகம் தெரிகிறது என்று அம்மா ராத்திரியில் மொட்டைமாடி ஏறிப் பார்ப்பாராம்.

அம்முவுக்கு ஆறாத கோபம் ராணுவ அதிகாரி அப்துல் சலாம் ஆரிஃப் மேல்தான். புரட்சியில் கூட நின்றவர், பிறகு எதிராகப் போய் மரண தண்டனை வாங்கியவர், அவரைக் காசிம் மன்னித்து வெளியே விட்டார். 1963இல் காசிம் செத்ததும் ஜனாதிபதி ஆனது அதே ஆரிஃப்!

எனக்கும் காசிம் மேல் மரியாதை உண்டு. ஆனால் அவர் தேர்தலே வைக்கவில்லை, 1961இல் குர்துகளோடு சண்டை, அதே வருடம் குவைத் எங்களுடையது என்று சொல்லி அரபு நாடுகளின் பகை வேறு. தாங்கிப் பிடிக்கச் சொந்தமாக ஒரு கட்சிகூட இல்லாமல் ஒற்றை ஆளாக நின்றதுதான் அவரைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன். வட ஈராக்கின் மொசூல்காரர்களோடு பழகியவர்கள் இருந்தால் எழுதுங்கள், 1959இல் காசிமுக்கு எதிரான கலகத்தை அடக்கியபோது அங்கே ஓடிய ரத்தத்தைப் பார்த்தவர்கள் காசிமைப் பற்றி வேறு மாதிரிதான் பேசுவார்கள்.